லேடீஸ் பெட்டி காலியாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? ஜாமீனில் வந்து தெருவிலேயே சுற்றுகிறவனை என்ன செய்வது?

ஆம்பூர் கௌரி:

வணக்கம். நான் வேலூரில் ஒரு லேப்பில் டெக்னீஷியன், வீடு ஆம்பூரில். காலையில் பஸ், திரும்பும்போது காட்பாடியிலிருந்து ரயில், சீசன் டிக்கெட். ஷிப்ட் முடிந்து ஸ்டேஷன் வர எட்டு ஆகும், சில நாள் ஒன்பதைத் தாண்டிவிடும். கார்டு பெட்டியை ஒட்டி இருக்கும் லேடீஸ் பெட்டியில்தான் ஆறு வருடமாக ஏறுகிறேன். அதில் ஏறிவிட்டால் காலை நீட்டி உட்காரலாம், ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் தூங்கலாம், அப்படி ஒரு நிம்மதி. இப்போது அந்த நிம்மதி போய்விட்டது.

2025 பிப்ரவரி 6ல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோயம்புத்தூர் திருப்பதி இன்டர்சிட்டி. திருப்பூரில் ஏறி சித்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண். கூட இருந்த பெண்கள் எல்லாரும் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட, ஒருத்தன் அங்கே ஏறினான். தப்பாக நடக்கப் பார்த்தான், அவர் போராடினார், கே.வி.குப்பம் பக்கத்தில் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். கை கால் முறிந்தது, வயிற்றில் இருந்த குழந்தையும் போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அவன் இதற்கு முன்பே ஓடும் ரயிலில் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்ட வழக்கில் உள்ளே போனவன், குண்டர் சட்டமும் பாய்ந்து, எல்லாம் முடிந்து வெளியே வந்தவன் என்று. நான் போவது எதிர்த்திசை என்றாலும் ஊர்கள் அதே ஊர்கள்தான். லத்தேரி தாண்டி விளக்கே இல்லாத இருட்டில் வண்டி போகும்போது தினமும் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று எங்கள் வீட்டுக் கதை. போன ஐப்பசியில் என் சித்தி விடிகாலை பால் பாக்கெட் வாங்கப் போனபோது பைக்கில் வந்த ரெண்டு பேர் தாலிச் செயினைப் பறித்தார்கள். சித்தி விடவில்லை, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், இழுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் போயிருக்கிறான். தாடையில் நாலு தையல். கழுத்தில் செயின் அறுத்த கோடு இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. சிசிடிவியைப் பார்த்துப் பத்து நாளில் ஆளைப் பிடித்தார்கள், பார்த்தால் ரெண்டு தெரு தள்ளி இருப்பவன், ஏற்கெனவே அவன் மேல் ஏழெட்டு வழக்கு. சரி, இனி வெளியே வரமாட்டான் என்று நினைத்தோம். மூன்று மாதம்கூட ஆகவில்லை, வந்துவிட்டான். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் தெரு முனை டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். சித்தி இப்போது மஞ்சள் கயிறுதான் கட்டியிருக்கிறார், பறித்துக்கொண்டு போக ஒன்றுமில்லை, ஆனாலும் பால் வாங்கப் போவதில்லை. சித்தப்பாதான் போகிறார்.

தெருவில் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான், இவனையெல்லாம் சுட்டுப் போட வேண்டும் என்று. எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், சித்தி மட்டும் வாசலுக்கு வர பயந்து உள்ளேயே இருக்கிறார். அதனால் கேட்கிறேன். பெட்டி காலியாகிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இந்த மாதிரி திரும்பத் திரும்பச் செய்கிறவனை எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சேலம் பிரபு:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் தெரு ஆட்கள் சொல்வது தப்பே இல்லை. என் தங்கை கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். 2025 நவம்பரில் அங்கே ஏர்போர்ட்டுக்குப் பின்பக்கம் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு எங்கள் அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் போட்டு அறையைக் காட்டச் சொல்கிறார். அந்த மூன்று பேரையும் காலில் சுட்டுத்தான் பிடித்தார்கள். அவர்கள் மேல் ஏற்கெனவே வழக்கு இருந்தது என்று செய்தியில் வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதைவிட ஆத்திரம், அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களைப் பார்த்தபோது. என் மாமாவே கேட்டார், சாப்பிடும்போது, அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

2019ல் ஹைதராபாத்தில் பெண் டாக்டர் கொலை வழக்கில் கைதான நாலு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றபோது ஜனங்கள் பூ தூவினார்கள். ஏன் தூவினார்கள்? கோர்ட்டுக்குப் போனால் பத்து வருடம் இழுக்கும் என்று தெரியும். ஒருத்தன் ரெண்டாவது தடவை செய்கிறான் என்றால் முதல் தடவையே அவனை விட்டது யார்? அதற்கு யாராவது பதில் சொல்லட்டும்.


செங்கை வழக்கறிஞர்:

பிரபு தம்பி, உங்கள் கோபத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை, எனக்கும் ரெண்டு பெண் பிள்ளைகள். ஆனால் ஹைதராபாத்தை உதாரணம் காட்டுவதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சுட்டுக்கொலையை விசாரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு ஆணையம் போட்டது. 2022ல் அது கொடுத்த அறிக்கை, போலீஸ் சொன்ன மோதல் கதை உண்மையில்லை, வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், பத்து போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. அந்த நாலு பேர்தான் செய்தார்களா என்று இனி எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது. இங்கே 2020ல் சாத்தான்குளத்தில் கடையை மூட நேரமானது என்று ஆரம்பித்த விஷயத்தில் அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனில் அடித்ததில் ரெண்டு பேருமே செத்துப்போனார்கள். போலீஸ் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்தால் அது நாம் நினைக்கிற ஆள் மேல் மட்டும் பாயாது.

முதல் தடவை விட்டது யார் என்று கேட்டீர்களே, அது சரியான கேள்வி. அதற்குப் பதில் பெரும்பாலும் நீதிபதி கிடையாது. 60 நாளுக்குள், பெரிய குற்றமாக இருந்தால் 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் கைதானவன் ஜாமீன் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், நீதிபதி கையில் ஒன்றுமில்லை. இதை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து டியூட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து காயச் சான்றிதழ் வரவில்லை, 61வது நாள் ஆள் வெளியே. குண்டர் சட்டமும் அப்படித்தான். அது 1982ல் வந்த சட்டம், அதிகபட்சம் 12 மாதம்தான் உள்ளே வைக்க முடியும். அது தண்டனை இல்லை, தடுப்புக் காவல். உறவினர் கொடுத்த மனுவை அரசு உரிய நேரத்தில் பரிசீலிக்கவில்லை, கொடுத்த நகலில் ஒரு பக்கம் தெளிவாக இல்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்கிற உத்தரவுகள் நிறைய.

முகலிவாக்கம் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் ஒரு சின்னக் குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டது. கைதான இளைஞன் மேல் போட்ட குண்டர் சட்டம் ரத்தானது, ஜாமீனில் வந்தான், அந்த டிசம்பரில் அவனுடைய அம்மா கொல்லப்பட்டார், அவன்தான் என்று வழக்கு. ஊரே கொதித்தது. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு கொடுத்தபோது எல்லாரும் கொண்டாடினோம், நானும்தான். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவனை விடுதலை செய்துவிட்டது. வாதாட ஆள் ஏற்பாடு செய்ததே குற்றச்சாட்டு பதிவான பிறகு, தயாராகப் போதிய நேரம் தரவில்லை, சாட்சியங்களைச் சட்டப்படி நிரூபிக்கவில்லை என்று. அம்மா கொலை வழக்கிலும் விடுதலை. ஊரின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து ஓட்டிய வழக்கு எட்டு வருடம் கழித்து அந்தக் குழந்தையின் பெற்றோர் கையில் ஒன்றுமே இல்லாமல் முடிந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கௌரி, இப்போது உங்கள் சித்தி விஷயம். ஏழெட்டு வழக்கு என்கிறீர்கள், அதில் எத்தனையில் தண்டனை? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஜாமீன் கொடுக்கும்போது பழைய தண்டனை இருந்தால் சட்டமே கையைக் கட்டுகிறது. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவன் என்றால் மாஜிஸ்திரேட் சுலபமாக விட முடியாது. வெறும் வழக்கு எண்ணிக்கைக்கு அந்தப் பலம் இல்லை. தண்டனை ஏன் இல்லை என்றால், செயின் திரும்பக் கிடைத்ததும் புகார் கொடுத்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை. மூன்று வாய்தா அலைந்து, அவனும் அவன் ஆட்களும் நிற்கிற அதே வராண்டாவில் தனியாக நின்று, நாலாவது தடவை வராமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இதையெல்லாம் செய்யுங்கள். முதலில் எஃப்ஐஆர் நகலை எடுத்துப் பாருங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். வெறும் பறிப்பு என்று பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம், 304ல் போட்டிருந்தால் அதிகபட்சம் மூன்று வருடம்தான். தாடையில் தையல் போட்டிருக்கிறார்கள், இழுத்துக்கொண்டு போயிருக்கிறான், அது காயம் விளைவித்துச் செய்த கொள்ளை, 309ல் ஆறாவது உட்பிரிவு, ஆயுள் வரை போகலாம். பிரிவு குறைவாக இருந்தால் காயச் சான்றிதழோடு டிஎஸ்பியிடம் மனு கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 193 சொல்கிறது, கேளுங்கள். அவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது மட்டும் குற்றமாகாது, ஆனால் முறைத்தான், ஏதாவது சொன்னான், வீட்டுக்கு ஆள் அனுப்பினான் என்றால் தேதி போட்டு எழுதி வையுங்கள். சாட்சியை மிரட்டினான் என்று செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம், வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக ஆள் தருவார்கள். அப்புறம் இன்ஸ்பெக்டரிடம் பிஎன்எஸ்எஸ் 129 நடவடிக்கைக்குக் கேளுங்கள், பழைய நடைமுறைச் சட்டத்தில் அது 110. வழக்கமாகக் குற்றம் செய்கிறவனிடம் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது அது. தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அதன் எடையே வேறு.


அரக்கோணம் விஜயா:

கௌரி கண்ணு, நான் 22 வருடம் அரக்கோணம் சென்ட்ரல் லைனில் போய் வந்தவள், இப்போதுதான் ரிட்டயர் ஆனேன். உன் முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

பெட்டி காலியாகப் போகிறது என்று தெரிந்தால் அடுத்த ஸ்டேஷன் வரும் முன்பே எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடு, வண்டி நின்றதும் இறங்கி, ஆண்களும் பெண்களுமாகக் குடும்பத்தோடு இருக்கும் பொதுப் பெட்டிக்கு ஓடு. பலர் நினைப்பது லேடீஸ் பெட்டி என்றால் பாதுகாப்பு என்று. இல்லை அம்மா, ஆள் இருந்தால்தான் பாதுகாப்பு. காலியான லேடீஸ் பெட்டி வெளியே எழுதிப்போட்ட விலாசம் மாதிரி, உள்ளே ஒரே ஒரு பெண் இருக்கிறாள் என்று ஏறுகிறவனுக்கு அதுவே சொல்லிவிடும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ராத்திரி திருவாலங்காட்டில். வண்டி நகர்ந்த பிறகு ஒருத்தன் ஏறினான். எதிரே உட்கார்ந்தான். ஒன்றும் பேசவில்லை, ஆனால் கதவின் கீழ்த் தாழ்ப்பாளைக் காலால் மெதுவாகத் தள்ளிப் போட்டான். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாரும் இல்லாமலே, கார்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் ரெண்டு பேரும் முன்பக்கம் நில்லுங்கள் என்று உரக்கப் பேசினேன். அடுத்த ஸ்டேஷனில் அவன் இறங்கிவிட்டான். என் கால் நடுக்கம் நிற்க வீடு வரை ஆனது.

சங்கிலியை இழுக்கப் பயப்படாதே. அபராதம் போடுவார்கள் என்று பெண்கள் தயங்குகிறார்கள். தக்க காரணம் இல்லாமல் இழுத்தால்தான் அது குற்றம். லேடீஸ் பெட்டியில் ஒரு ஆண் ஏறுவதே குற்றம், அதைவிட என்ன காரணம் வேண்டும்? 139 ரயில்வேக்கு, 112 பொதுவாக, காவல் உதவி ஆப்பில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் நீ இருக்கும் இடமும் சேர்ந்து போகும். ஆனால் லத்தேரிப் பக்கம் சிக்னல் போய்விடும், அதனால் பேக்கில் ஒரு விசில் வைத்துக்கொள். பெப்பர் ஸ்ப்ரே என் மகள் வாங்கிக் கொடுத்தாள், ஓடும் வண்டியில் ஜன்னல் காற்றுக்கு அது நம் முகத்துக்கே திரும்புகிறது, அடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட உதவியது கூட்டாளிகள்தான். எங்களுடையது எட்டுப் பேர் குழு. யாருக்கு லேட் ஆனாலும் ஒருத்தியாவது காத்திருப்பாள். ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்பிஎஃப்பின் மேரி சஹேலி திட்டத்தில் ரிசர்வேஷன் பெட்டிகளில் தனியாகப் போகும் பெண்களிடம் வந்து பேசுகிறார்கள், நல்ல விஷயம், ஆனால் நம் சீசன் டிக்கெட் பெட்டிக்குச் சீட் நம்பரும் கிடையாது, பெயர்ப் பட்டியலும் கிடையாது. ராத்திரி எட்டுக்கு மேல் ஒவ்வொரு லேடீஸ் பெட்டியிலும் ஒரு பெண் காவலர் என்று கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களை ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் வருவார்கள், அப்புறம் நின்றுவிடும், மறுபடி எழுதுவோம்.


ஷொர்ணூர் ரவி:

நான் கேரளாவில் 15 வருடமாக வேலை பார்க்கிறேன். 2011 பிப்ரவரி 1ல் எர்ணாகுளம் ஷொர்ணூர் பாசஞ்சரில் லேடீஸ் பெட்டியில் தனியாக இருந்த 23 வயதுப் பெண்ணுக்கு நடந்தது இந்த ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். செய்தவன் நம் ஊர்க்காரன், ஏற்கெனவே தண்டனை பெற்றவன். அதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வருகிறேன். பக்கத்துப் பெட்டியில் இருந்த ரெண்டு பேருக்கு அந்தப் பெண்ணின் அலறல் கேட்டிருக்கிறது. சங்கிலியை இழுக்கலாம் என்று எழுந்திருக்கிறார்கள். கதவருகே நின்ற ஒரு நடுத்தர வயது ஆள், அந்தப் பெண் குதித்துத் தப்பித்துவிட்டாள், விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார். வண்டி நிற்கவில்லை. 2016ல் உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்திலிருந்து அவனை விடுவித்துத் தூக்கை ரத்து செய்ததே, அந்த ஆள் சொன்ன அதே வார்த்தை அங்கே வந்து நின்றது. அவளே குதித்திருக்கலாம் அல்லவா என்று. பலாத்காரத்துக்குக் கொடுத்த ஆயுள் தண்டனை மட்டும் நின்றது.

2025 ஜூலையில் அவன் கண்ணூர் சிறையிலிருந்து தப்பிவிட்டான் என்று காலையில் செய்தி வந்தது. ஆபீஸில் ஒருவரும் வேலை செய்யவில்லை. சில மணி நேரத்தில் ஒரு பாழடைந்த கட்டடத்தின் கிணற்றுக்குள் ஒளிந்திருந்தவனைப் பிடித்தார்கள். அவனைப் பார்த்ததாகப் போலீஸுக்குச் சொன்னது ஊர் ஜனங்கள்தான். விஜயா அம்மா சொன்னதை ஆண்களுக்கும் சொல்கிறேன். பக்கத்துப் பெட்டியில் சத்தம் கேட்டால் இழுத்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும்.


சேலம் பிரபு:

வக்கீல் சார், முகலிவாக்கம் வழக்கில் விடுதலை ஆனது தெரியும், காரணம் இப்போதுதான் தெரிகிறது. நான் அன்றைக்கு நீதிபதியைத் திட்டி ஸ்டேட்டஸ் போட்டேன். இன்னமும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், சீக்கிரமாகவும் செய்து சரியாகவும் செய்ய முடியாதா?


செங்கை வழக்கறிஞர்:

முடியும் தம்பி. கே.வி.குப்பம் வழக்கையே பாருங்கள். பிப்ரவரியில் குற்றம், ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அண்ணா பல்கலைக்கழக வழக்கு, 2024 டிசம்பர் 23ல் வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்குப் பாலியல் கொடுமை. எஃப்ஐஆர் வெளியே கசிந்து அந்த மாணவியின் அடையாளமே ஊருக்குத் தெரிந்துபோனது, அதைவிடக் கொடுமை இருக்க முடியாது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளை வைத்துச் சிறப்பு விசாரணைக் குழு போட்டது, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2025 ஜூன் 2ல் மகளிர் நீதிமன்றம் ஆயுள், 30 வருடத்துக்குக் குறையாமல், எந்தச் சலுகையும் இல்லாமல். அவன் மேலும் பழைய திருட்டு வழக்குகள் இருந்தன. அத்தனை அசிங்கப்படுத்தலுக்கும் பிறகு அந்த மாணவி பின்வாங்கவில்லை, அதனால்தான் அந்தத் தீர்ப்பு. அவர் மறுநாளே போய்ப் புகார் கொடுத்திருக்காவிட்டால் அவன் இன்றைக்கும் வெளியேதான் இருப்பான்.


ஆம்பூர் கௌரி:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எஃப்ஐஆர் நகல் வாங்கினோம். வக்கீல் சார் சொன்னது போலவே 304தான் போட்டிருந்தார்கள். சித்தியோடு நானும் டிஎஸ்பி ஆபீஸுக்குப் போனேன், காயச் சான்றிதழை வைத்து மனு கொடுத்தோம், ரசீது இருக்கிறது. முதலில் சித்தி வரவே மாட்டேன் என்றார். தெருவில் போய்ச் சுட வேண்டும் சுட வேண்டும் என்றவர்களிடமெல்லாம் மனுவை நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள், அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் 14 பேர் போட்டார்கள், முதல் கையெழுத்து பால் பூத் பாட்டியுடையது. பிணை எழுதி வாங்க நடவடிக்கை எடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், பார்க்கலாம்.

ரயில் விஷயத்தில், காட்பாடியில் அதே நேரத்துக்கு வரும் நாலு பேரைப் பிடித்திருக்கிறேன். ஒருத்தி குடியாத்தத்தில் இறங்குவாள், மற்ற மூன்று பேரும் ஆம்பூர், வாணியம்பாடி. நேற்று எனக்கு ஷிப்ட் முடிய லேட், ஓடி வந்தேன், வண்டி போய்விட்டிருந்தது. ரெண்டாவது பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வாணியம்பாடி அக்கா மட்டும் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அடுத்த வண்டியில் போகலாம் வா என்றார்.

சித்தி வழக்கு அடுத்த மாதம் 11ம் தேதி வருகிறது. பால் பூத் பாட்டியும் எதிர்வீட்டு அக்காவும் நானும் கூடப் போகிறோம். நான் லீவு சொல்லிவிட்டேன்.